புகை வராத வீடு

ஓட்டு இல்லாத இடத்துக்கு மைக் செட் வண்டி வராது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே நான் படித்துக்கொண்ட பாடம் இது. எண்பதுகளில் தேர்தல் வந்தால் ஊருக்குள் எல்லாத் தெருவிலும் வண்டி நுழையும். காலனிக்குள்ளும் போகும். காலனியின் கடைசி வீட்டைத் தாண்டியதும் டிரைவர் ரிவர்ஸ் எடுப்பார். அதற்கு அப்பால் எங்கள் குடிசைகள். "தாய்மார்களே, பெரியோர்களே" என்று கூப்பிடுகிற குரல் எங்களை நெருங்கி வந்து, நின்று, திரும்பிப் போகும். எங்களிடமும் தாய்மார்கள் இருந்தார்கள், பெரியோர்கள் இருந்தார்கள். வாக்காளர்கள்தான் இல்லை.

நாங்கள் இருளர்கள். திருநின்றவூருக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் இருந்த வயல்காட்டை நம்பிப் பிழைத்தவர்கள். அறுவடை முடிந்த வயலில் எலி பிடிப்பது, வளையை வெட்டி அது சேர்த்து வைத்திருக்கும் நெல்லை எடுப்பது, ஏரியில் கையால் தடவி மீன் பிடிப்பது, விறகு வெட்டுவது. என் அப்பா கடைசிவரை இதைத்தான் செய்தார். நான் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அவர் போய்விட்டார். அதே காலத்தில்தான் வயல்களும் போகத் தொடங்கின. கல் நட்டு, சுண்ணாம்பு அடித்து, ஏதோ ஒரு நகர் என்று பலகை வைத்தார்கள். மெட்ராஸில் வேலை பார்க்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து மனை வாங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

வாங்கிப் போட்ட மனையில் வேறு யாரும் கொட்டகை போட்டுவிடக் கூடாதே என்று எங்களைக் குடிவைப்பார்கள். சம்பளம் கிடையாது. இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான். சொந்தக்காரர் வீடு கட்ட வந்தால் ஓலையைப் பிரித்துக்கொண்டு அடுத்த காலி மனைக்குப் போக வேண்டும். அப்படி எத்தனை மனை மாறினோம் என்று அம்மாவைக் கேட்டால், "அத எண்ணிகினா கீறேன்" என்பாள். ஊரில் இருந்த இடத்துக்கெல்லாம் நாங்கள் காவல். எங்கள் இடம் எது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு சாண் கிடையாது. மனைகளில் எல்லாம் வீடு எழும்பிய பிறகு, யாருக்கும் சொந்தமில்லாத ஏரிக்கரையோரம் ஒரே வரிசையாக வந்து உட்கார்ந்தோம்.

அங்கேயும் நிம்மதி இல்லை. கரையை ஒட்டிப் புதிதாக மனை பிரித்த புரோக்கர் ஒருவர், எங்கள் குடிசைகள் இருந்த வழியாகப் பாதை போட நினைத்தார். வாரத்துக்கு ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் வந்து, இறங்காமலே, "எப்போ காலி பண்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார். பதிலுக்காக அவர் நின்றதே இல்லை.

அம்மா தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். லீவு போட்டு நானும் கூடப் போவேன். குடியிருக்கிற இடத்துக்குப் பட்டா வேண்டும் என்றால், ரேஷன் கார்டு இருக்கிறதா என்றார்கள். ரேஷன் கார்டு கேட்டால், வோட்டர் லிஸ்டில் பெயர் இருக்கிறதா என்றார்கள். வோட்டர் லிஸ்டில் சேர்க்கச் சொன்னால், வீட்டு எண் என்ன என்றார்கள். வீட்டு எண் கேட்டால், பட்டா இருக்கிறதா என்றார்கள். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். நாங்கள் கல்லையும் காணாமல் நாயையும் காணாமல் சாயங்கால ரயிலில் வீட்டுக்கு வருவோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது, பட்டியல் திருத்தும் வேலைக்காக எங்கள் பக்கத்துக்கு ஒரு டீச்சர் வந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தவர். வீட்டுக்காரருக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. காலனியோடு அவருடைய வேலை முடிந்திருக்க வேண்டும். அம்மா போய் அவர் குடையைப் பிடித்துக்கொண்டாள். நிஜமாகவே குடையைத்தான் பிடித்தாள். "டீச்சரம்மா, இன்னும் கொஞ்ச தூரம் நட. நாங்களும் ஜனங்கதான்" என்றாள். டீச்சர் அவள் பின்னாலேயே கரைக்கு வந்தார். நல்ல மனுஷி. ஆனால் சிரிக்கத் தெரியாதவர்.

வந்த பிறகுதான் கஷ்டம். எங்கள் ஆட்கள் பெயர் சொல்ல மறுத்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. சுற்று வட்டாரத்தில் எங்கே ஆடு காணாமல் போனாலும், எந்தப் புது வீட்டில் பித்தளைப் பாத்திரம் காணாமல் போனாலும், போலீஸ் முதலில் வருவது எங்களிடம்தான். ஆண்களை வரிசையாக உட்கார வைத்துப் பெயர் எழுதிக்கொண்டு போவார்கள். அடுத்த நாள் ஸ்டேஷனில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவுடன் "கீறேன் சார்" என்று எழுந்து நிற்க வேண்டும். நிற்கத் தாமதித்தால் அதற்கும் அடி. எங்கள் பெயரை அரசாங்கம் உரக்கக் கூப்பிட்ட ஒரே இடம் அதுதான். அப்படிப்பட்டவர்களிடம் போய், முழுப் பெயர் சொல்லு, அப்பா பெயர் சொல்லு என்றால் யார் சொல்வார்கள்?

ஒருவர் பெயருக்குப் பதில் ஏரியைப் பார்த்தார். இன்னொருவர் செத்துப் போன தன் அண்ணன் பெயரைச் சொன்னார். அம்மா விடவில்லை.

"செத்தவன் பேர குடுத்தா செத்தவன்தான் போய் ஓட்டுப் போடணும். நீ இன்னா, அவன எழுப்பிகினு வரப்போறியா?"

"நாளைக்கு ஸ்டேஷன்ல கூப்ட்டா?"

"நானே கூட வர்றேன். மொதல்ல என்னை அடிக்கட்டும்."

இப்படி ஒவ்வொரு குடிசையாக அம்மா கெஞ்சியும் திட்டியும் பெயர் வாங்கினாள். வயது யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் முகத்தைப் பார்த்து ஒரு வயது போட்டார். அம்மாவுக்கு ஐந்தாறு வயது கூடப் போட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் அம்மா கோபப்படுவாள் என்று சும்மா இருந்தேன். குடிசைகளுக்கு டீச்சரே எண் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு ஓலையில் எழுத முடியாததால், தகரத் துண்டில் சுண்ணாம்பால் எழுதி வாசல் கம்பில் கட்டினேன். அம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நல்லா கீது என்றாள்.

புரோக்கர் சும்மா இருக்கவில்லை. இவர்கள் இன்றைக்கு இங்கே இருப்பார்கள், நாளைக்கு எங்கேயோ போய்விடுவார்கள், நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இல்லை என்று தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்களை இடம் விட்டு இடம் துரத்தியவர்களே நாங்கள் நிலையில்லாதவர்கள் என்று சொன்னார்கள். இதை இப்போது எழுதும்போதுகூட எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஆட்சேபம் வந்ததால் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று டீச்சர் வந்து சொன்னார். வீட்டில் ஆள் இருக்க வேண்டும். ஆள் வேலைக்குப் போயிருந்தால், குடியிருக்கிற அடையாளமாவது இருக்க வேண்டும். அடுப்பு எரிந்திருக்கிறதா, பானையில் ஏதாவது இருக்கிறதா, கொடியில் துணி காய்கிறதா என்று பார்ப்பார்கள். எப்போது வருவார்கள் என்று கேட்டோம். மாசிப் பௌர்ணமியை ஒட்டி எந்த நாளும் வரலாம் என்றார்.

எங்கள் பெண்கள் விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தார்கள். டீச்சருக்கு ஏன் என்று புரியவில்லை.

மாசி மகத்துக்கு இருளர் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். கைக்குழந்தையிலிருந்து கோல் ஊன்றி நடக்கிறவர்கள்வரை மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்விடுவோம். எங்கள் கன்னியம்மா கடலில் இருக்கிறாள். வருடத்தில் அந்த ஒரு ராத்திரி பிள்ளைகளைப் பார்க்கக் கரைக்கு வருவாள். வந்து பார்க்கும்போது நாங்கள் இல்லாவிட்டால் எப்படி? செங்கல்பட்டு, காஞ்சிபுரம், எங்கெங்கேயோ இருந்து ஜனம் வந்து மணலில் புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டு உட்காரும். காது குத்துவது, மொட்டை போடுவது, பெண் பார்ப்பது, கல்யாணம் முடிப்பது எல்லாம் அங்கேதான். அந்த வருடம் அங்கே முடிய இருந்த கல்யாணங்களில் ஒன்று என்னுடையது.

பெண் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் காவல் இருந்த குடும்பத்தைச் சேர்ந்தவள். முந்தைய வருடம் அதே கடற்கரையில் பேசி முடித்தது. அந்த விடியற்காலையை விட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் எல்லோரும் கூடிப் பேசினார்கள். என் அப்பாவின் அண்ணன், நான் பெரிப்பா என்று கூப்பிடுகிறவர், வரிசைக்கே மூத்தவர், நேராகக் கேட்டார்.

"கன்னியம்மாவா, ஓட்டா? எது பெர்சுன்னு சொல்லுங்க."

கேட்டவருக்கே பதில் தெரியும். ஓட்டுக்காகக் கடலுக்குப் போகாமல் இருக்கப் போகிறவர் அங்கே ஒருவரும் இல்லை. போனால் பெயர் போய்விடும். பெயர் போனால் புரோக்கரின் மோட்டார் சைக்கிள் அடுத்த தடவை நின்று பேசும்.

"நான் கீறேன்" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யம்மா, இன்னா பேசற? எனக்குக் கல்யாணம்."

"கல்யாணத்துக்குப் பொண்ணு வோணும், மாப்ள வோணும். மாமியார் எதுக்கு? சண்ட போடவா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெரிப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "நாந்தானே இவங்க எல்லாரையும் பேர் சொல்ல வெச்சேன். ஒருத்தரும் ஒத்துக்கல, நாந்தான் திட்டித் திட்டி எழுத வெச்சேன். இப்போ அது அழிஞ்சு போச்சுன்னா மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? நீங்க போய்ட்டு வாங்க. கன்னியம்மா கேட்டா, இவ ஊட்டுக் காவலுக்குக் கீறான்னு சொல்லுங்க."

நான் அன்றைக்கு அவளோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. அவள் பாட்டுக்குக் கல்யாண வேலையைப் பார்த்தாள். எங்கள் குடிசையைச் சாணி போட்டு மெழுகினாள். சட்டி பானை எல்லாம் வெளியே எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். பழைய அடுப்பை இடித்துவிட்டு ஏரி மண் கொண்டுவந்து புது அடுப்பு போட்டாள். எங்களில் அது வழக்கம். மருமகள் வருகிற வீட்டில் பழைய அடுப்பு இருக்கக் கூடாது. புது அடுப்பில் முதல் நெருப்பை அவள் கைதான் மூட்ட வேண்டும். அதுவரை அதில் யாரும் குச்சி வைக்க மாட்டார்கள். மாமியாருக்குப் பக்கத்துக் குடிசையில்தான் சோறு.

நாங்கள் புறப்பட்டோம். திருநின்றவூரில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, செங்கல்பட்டு ரயில் பிடித்து, அங்கிருந்து பஸ். ஏரிக்கரை திரும்பும் இடத்தில் நான் பார்த்தேன். அம்மா வரிசையின் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அத்தனை குடிசைக்கும் ஒரே ஆள். கை காட்டினாள். நான் காட்டவில்லை.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. கிழக்கு வெளுத்ததும் மணலில் படி கட்டி, பூ வைத்து, வேப்பிலை சொருகி, கடலைப் பார்த்துக் கும்பிட்டோம். பெரிப்பா மேல் கன்னியம்மா வந்தாள். ஒவ்வொருவருக்கும் வாக்கு சொன்னாள். எனக்குச் சொல்லும்போது, "ஒருத்தி வரல" என்றாள். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் நான் அழுதேன். தாலி கட்டும்போது மாப்பிள்ளை அழுவதைப் பார்த்துப் பெண்வீட்டார் பயந்துபோனார்கள்.

ஏரிக்கரையில் அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதை, திரும்பி வந்த பிறகு அம்மா வாயாலேயே கேட்டோம். விடிந்ததும் அவள் முதல் குடிசையில் தொடங்கி அடுப்பு மூட்டியிருக்கிறாள். பானையில் தண்ணீர் வைத்து, வறட்டி சொருகி, புகை எழும்பியதும் அடுத்த குடிசைக்குப் போவாள். கடைசிக் குடிசைக்குப் போவதற்குள் முதல் குடிசையில் அணைந்திருக்கும். மறுபடி ஓடுவாள். ஓலைக்குள் ஆளில்லாமல் நெருப்பு இருக்கிறதே என்று அதற்கும் ஓட வேண்டும். ஒரு பொறி பறந்தால் வரிசையே போய்விடும். எல்லாக் கொடியிலும் துணி நனைத்துப் போட்டிருந்தாள். ஒரு குடிசை வாசலில் குழந்தைத் துணிகூடத் தொங்கியது. அந்த வீட்டில் குழந்தையே கிடையாது.

"தூரத்துலேர்ந்து பாத்தா கல்யாண ஊடு மாதிரி பொக" என்றாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. "யாருனா வந்தாங்களா?" என்று கேட்டதற்கு, "வெறகு தீந்துபோச்சுன்னு வேலிக்காத்தான் வெட்டப் போனேன். வரும்போது தலையாரி சைக்கிள் கரமேல போச்சு. அவன்தானா, வேற யாருனாவா, தெர்ல" என்றாள்.

அதற்குள் என் மனைவி உள்ளே போய்ப் புது அடுப்பை மூட்டிவிட்டாள். அம்மா முகம் மலர்ந்து போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அத்தனை நாள் புகையில் வெந்தவள், அந்தப் புகையையும் ஆசையாகப் பார்த்தாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். டீச்சர் ஆள் அனுப்பிச் சொன்னார். நானும் பெரிப்பாவும் போனோம். நான் விரல் வைத்து வாசித்தேன். பெரிப்பா பெயர் இருந்தது. பெரியம்மா இருந்தாள். ஏரியைப் பார்த்தவர், செத்த அண்ணன் பெயரைச் சொன்னவர் எல்லோரும் இருந்தார்கள். வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வீடு பாக்கியில்லை. எங்கள் வீட்டைத் தவிர. அம்மா பெயரும் என் பெயரும் இருந்த இடத்தில் 'நீக்கம்' என்று இருந்தது.

நான் தலையாரியைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. வெயிலில் சைக்கிள் மிதித்து அலுத்துப்போன ஆள். ஞாபகம் வைத்திருந்து சொன்னார்.

"அல்லா ஊட்லயும் பொக வந்துகினு இருந்துச்சுபா. ஆளுங்க வேலைக்குப் போய்கீறாங்கன்னு விட்டேன். அந்த ஒரு ஊட்ல மட்டும் சட்டியெல்லாம் கவுத்து வெச்சு, தரை புதுசா மெழுகிகீது. அடுப்புல சாம்பல்கூட இல்ல. யாரும் குடியில்லன்னு எழுதினேன். நான் இன்னா பண்ணுவேன்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. கல்யாணத்துக்காகச் சுத்தம் செய்து வைத்த வீடு, ஆளே இல்லாத வீடாகத்தான் தெரியும். வெளியாளுக்கு அது எப்படிப் புரியும்? என் கோபம் அவரை விட்டுவிட்டு அம்மா மேல் திரும்பியது. வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"ஊரான் ஊட்ல எல்லாம் மூட்னியே, நம்ப ஊட்ல ஒரு குச்சி வெச்சிருந்தா இன்னா?"

அம்மாவுக்கு என் கோபம் விளங்கவே இல்லை.

"அது மருமவ மூட்டற அடுப்பு நைனா. அத நான் எப்டி மூட்டுவேன்?"

என் மனைவி அடுப்படியில் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். வந்த வேளை சரியில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. அம்மா அவள் தலையில் ஒரு தட்டு தட்டி, "நீ ஏண்டி அழுவுற? நீ மூட்ன அடுப்புலதான் இப்போ கொழம்பு கொதிக்கிது. போய்ப் பாரு, அடி புடிக்கப் போவுது" என்றாள்.

தாலுகா அலுவலகத்துக்கு நானும் டீச்சரும் போனோம். இனி இந்தத் தேர்தலுக்கு ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த திருத்தத்தில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். டீச்சர் அங்கே குரலை உயர்த்திப் பேசினார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பலன் இல்லை. அடுத்த திருத்தம் வந்தபோது என் பெயரும் என் மனைவி பெயரும் சேர்ந்தன. அம்மாவுக்கு எழுதிக் கொடுக்கத் தேவை இல்லாமல் போய்விட்டது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள். அந்தப் புகையால்தான் என்று பெரியம்மா சொல்வாள். இருக்கலாம், தெரியாது. புரோக்கரின் பாதை கரையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனது. பட்டியலில் பெயர் இருக்கிற ஜனத்தை அப்படிச் சட்டென்று எழுப்ப முடியாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பின்னால் வரிசைக்குப் பட்டாவும் வந்தது. பெரிப்பா தன் பங்கில் ஒரு மூலையைப் பிரித்து எங்களுக்கு விட்டார்.

நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தது அம்மா உயிரோடு இருந்தபோது வந்த அந்தத் தேர்தல் நாளுக்காகத்தான்.

அன்று காலை வரிசையே கடலுக்குப் போவது போலக் கிளம்பியது. பெண்கள் பூ வைத்துக்கொண்டார்கள். பெரிப்பா வேட்டியைத் துவைத்துக் கட்டியிருந்தார். அம்மாவும் கல்யாணத்துக்கு எடுத்து, கட்டிக்கொள்ள வழியில்லாமல் போன புடவையை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். உனக்குத்தான் பெயர் இல்லையே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும். கூட்டத்தோட வர்றேன். நீ ஒண்ணும் பேசாத" என்றாள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி. ஊர்க்காரர்கள், காலனிக்காரர்கள் எல்லோரும் நின்ற வரிசையில் எங்கள் ஆட்களும் போய் நின்றார்கள். யாரோ முணுமுணுத்தார்கள். யாரும் நகரச் சொல்லவில்லை. அம்மா பெரியம்மாவுக்குப் பின்னால் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால்.

உள்ளே முதல் மேஜையில் கண்ணாடி போட்ட ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்து, கட்சி ஏஜெண்டுகள் சரிபார்ப்பதற்காக எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். ஊர்க்காரர்கள் பெயர் படித்ததும் பேசாமல் அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள். பெரிப்பா பெயரைப் படித்தார். பெரிப்பா விறைப்பாக நிமிர்ந்து, "கீறேன் சார்" என்றார்.

ஏஜெண்டுகள் சிரித்தார்கள். கண்ணாடிக்காரருக்கும் சிரிப்பு வந்தது. அடுத்தவர் பெயரைப் படித்தார். "கீறேன் சார்." அதற்கடுத்தவர். "கீறேன் சார்." பெயரைக் கூப்பிட்டால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று மட்டும்தான் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். மூன்று நான்கு பேருக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அடிக்காமல் பெயரைக் கூப்பிடுகிற ஒரு சர்க்கார் மனிதரை எங்கள் ஜனம் அன்றைக்குத்தான் பார்த்தது. பதில் சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு மை வைக்கும் மேஜைக்குப் போனார்கள்.

அம்மாவின் முறை வந்தது.

"சீட்டு?"

"சீட்டு இல்ல சார்."

பெயரையும் வீட்டுக்காரர் பெயரையும் வீட்டு எண்ணையும் கேட்டார். அம்மா சொன்னாள். அவர் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்து மெதுவாகத் தேடினார்.

"உங்க பேர் இதுல இல்லம்மா."

"தெரியும் சார்."

"தெரிஞ்சா எதுக்கு வந்தீங்க?"

"இவங்க அத்தினி பேரையும் பேர் சொல்லிக் கூப்ட்ட இல்ல சார். அதே மாதிரி எம்பேரயும் ஒருவாட்டி கூப்டு. அப்புறம் இல்லன்னு சொல்லு. போய்டறேன்."

அவர் திரும்பிப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தன் காகிதங்களைப் பார்க்கத் தொடங்கினார். கண்ணாடிக்காரர் பட்டியலை மேஜைமேல் வைத்தார். படிக்க எண் எதுவும் இல்லை. மற்றவர்களுக்குப் படித்த அதே குரலில், அறை முழுக்கக் கேட்கும்படி, அம்மாவின் பெயரைப் படித்தார். இன்னாரின் மனைவி என்று அப்பாவின் பெயரையும் சேர்த்துப் படித்தார்.

ஏஜெண்டுகள் யாரும் சிரிக்கவில்லை. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"கீறேன் சார்" என்றாள். "இங்கதான் கீறேன்."